உள்ளூர்க்காரர் யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு டெக்சாஸிலிருந்து ஒரு போன். எங்கள் தெருவில் பிறந்து, ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் முடித்து, கம்ப்யூட்டர் படித்து அங்கே வேலைக்குப் போயிருக்கும் தம்பி. பக்கத்து ஏரியில் தூண்டில் போட ஆசைப்பட்டு லைசென்ஸ் வாங்கப் போனானாம்.

"அண்ணே, இங்க பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கக்கூட லைசென்ஸ் வேணும்ணே. அதுலயும் உள்ளூர்க்காரனுக்கு ஒரு ரேட்டு, வெளியூர்க்காரனுக்கு ஒரு ரேட்டு. ஏரி, ஆத்துல பிடிக்க வருசத்துக்கு உள்ளூர்க்காரன்னா 30 டாலர், வெளியூர்க்காரன்னா 58 டாலர்."

"உன்னைய எதுல சேத்தாங்க?"

"நான் வந்து எட்டு மாசம் ஆச்சுல்லண்ணே. இந்த மாநிலத்துல ஆறு மாசத்துக்கு மேல தொடர்ந்து குடியிருந்தா உள்ளூர்க்காரன்தான். காகிதத்தக் காட்டினேன். 30 டாலர்தான் வாங்கினாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. "ஆறு மாசம்ணே" என்று மட்டும் மறுபடி சொன்னான். அவன் அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு கண்மாய் மீன் ஏலத்துக்குப் போன கதை அவனுக்குத் தெரியும். அப்போது அவன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கதையை இதுவரை நான் எழுதியதில்லை. முழுக்க வெற்றிக் கதையாக இருந்திருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன். அதில் எங்கள் பக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

*

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. மேற்கே பார்த்தால் மலை. மலையில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி, கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு கிழக்கே போகும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் தை வரைக்கும் கண்மாயில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் மீன் நிற்கும். கெண்டை, கெளுத்தி, விரால், குரவை; பிறகு வந்து சேர்ந்த ஜிலேபி. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில், மலைப்பக்கமாக ஒதுங்கியிருக்கும் ஒரு கிராமம் எங்களுடையது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஊரின் கதை என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். மூங்கில் குச்சி, நைலான் நரம்பு, முள், மிதவைக்குச் சோளத்தட்டைத் துண்டு, ஒரு சிரட்டையில் மண்புழு. பள்ளிக்கூட லீவில் கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்தேன். நான்கு ஜிலேபி பிடித்துப் பனை ஓலையில் கோத்து வைத்திருந்தேன். என்னிடமிருந்து இருபதடி தள்ளி வேறு மூன்று பையன்களும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புப் பையன்கள்தான்.

கரை மேல் வந்த பெரியவர் கேட்டார். "டேய், எந்த ஊருடா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன்.

"ஏலம் எடுத்த கண்மாய்ல களவாங்குறியா?" என்று குச்சியை வாங்கி முழங்காலில் வைத்து ஒடித்தார். ஓலையில் கோத்திருந்த நான்கு மீனையும் எடுத்து அந்த மூன்று பையன்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். மீனைத் தண்ணீரில் திரும்ப விட்டிருந்தால்கூட எனக்கு இத்தனை வருஷம் நினைவிருந்திருக்காது. நான் தொட்ட மீனுக்குத் தீட்டு இல்லை. நான் உட்கார்ந்த இடத்துக்குத்தான் தீட்டு.

முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியாகத்தான் இருந்தது. நான் உள்ளூர்க்காரன்தான். இரண்டாவது கேள்வியில்தான் வெளியூர்க்காரன் ஆனேன்.

*

கண்மாய் மீன் யாருக்குச் சொந்தம் என்று பல தோழர்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். கண்மாய் அரசுக்குச் சொந்தம். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள பெரிய கண்மாய்களைப் பொதுப்பணித் துறை பார்த்தது, இப்போது நீர்வளத் துறை பார்க்கிறது. அதைவிடச் சின்னவை பொதுவாக ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி வசம். அதில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவதுதான் மீன்பாசி ஏலம். கணக்குப் பசலி ஆண்டில் நடக்கும்: ஜூலை முதல் ஜூன் வரை. ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுவார், காவல் போடுவார், கோடையில் தண்ணீர் வற்றும்போது வலை போட்டு அள்ளுவார். நல்ல மழை பெய்த வருஷம் நல்ல காசு.

இது காகிதத்தில் உள்ள ஏலம். பல ஊர்களில் அதற்கு முன்னாலேயே இன்னொரு ஏலம் நடந்து முடிந்திருக்கும். கோயில் முன்னாலோ சாவடியிலோ ஊர் கூடி, யார் எடுப்பது, ஊர்ப்பொதுவுக்கு எவ்வளவு கட்டுவது என்று முடிவு பண்ணிவிடுவார்கள். பிறகு அலுவலகத்தில் ஒரே ஒருவர் கேட்பார், ஒப்புக்கு இரண்டு பேர் கூட நிற்பார்கள். அலுவலகமும் சிக்கல் இல்லாமல் முடிந்தது என்று எழுதிக்கொள்ளும்.

எங்கள் ஊரில் அந்த ஊர் ஏலத்துக்குத் தண்டோரா போட்டவர் என் தாத்தா. பறையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முக்காக நின்று, "இதனால சகலமானவர்களுக்கும்" என்று தொடங்குவார். கண்மாய் மீன் ஏலம், இன்ன நாள், இன்ன நேரம், உள்ளூர்க்காரங்க மட்டும் கேக்கலாம். நான்கு தெருவிலும் சொல்லிவிட்டுக் கடைசியாக எங்கள் தெருவுக்கு வருவார். எங்கள் தெருவில் சொல்ல மாட்டார். வீட்டுக்குள் வந்து பறையை மாட்டிவிட்டுக் கஞ்சி குடிப்பார். சகலமானவர்களில் நாங்கள் சேர்த்தி இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லி 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. நல்லது. இப்போது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள். சொல்கிற வாசகம் மாறவில்லை.

'உள்ளூர்க்காரர் மட்டும்' என்ற விதியில் நியாயமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். திறந்த ஏலம் என்றால் வெளியிலிருந்து பெரிய பணக்கார ஒப்பந்தக்காரர் வருவார், பத்துக் கண்மாயைச் சேர்த்து எடுப்பார், லாரியில் அள்ளிக்கொண்டு போவார். கரையில் குடியிருப்பவனுக்குச் சாற்றுக்குக்கூட மீன் மிஞ்சாது. அதனால் உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை கேட்பது தப்பில்லை. நாங்களும் அதைத்தான் நம்பிப் போனோம்.

*

பத்து வருஷம் ஆகப்போகிறது. எங்கள் தெருவில் பதினோரு பேர் குழு சேர்ந்தோம். மில் வேலை போனவர்கள், கொத்து வேலை பார்ப்பவர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறவர்கள். டெக்சாஸ் தம்பியின் அப்பாதான் எங்களில் மூத்தவர். எனக்குச் சித்தப்பா முறை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைப்புத்தொகை தேற்றினோம். என் பங்குக்கு அம்மாவின் தோட்டை அடகு வைத்தேன்.

முதலில் ஊர் ஏலத்துக்கே போனோம். உள்ளூர்க்காரர் மட்டும் என்றால் நாங்களும் உள்ளூர்தானே. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் அதே ஊர்ப் பெயர்தான். சாவடிக்கு வெளியே நின்றபடி சித்தப்பா கேட்டார்.

"அய்யா, நாங்களும் ஏலம் கேக்கலாம்னு வந்திருக்கோம்."

யாரும் கோபப்படவில்லை. திட்டவில்லை. கணக்கு நோட்டை வைத்திருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். "உள்ளூர்க்காரங்கதான்ப்பா கேக்க முடியும். உள்ளூர்னா கோயிலுக்குத் தலைக்கட்டு வரி குடுக்கிறவங்க. ஒங்க பேரு நோட்டுல இல்லையே."

"அப்ப நாங்களும் வரி குடுக்குறோம். இன்னைக்கே எழுதிக்கோங்க."

அதற்குத்தான் பதில் வரவில்லை. நோட்டை மூடிக்கொண்டு எல்லாரும் எங்கேயோ பார்த்தார்கள்.

தோழர்களே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். எங்களிடம் ஒருநாளும் வரி கேட்கவில்லை. கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். வாங்கினால் கோயிலில் பங்கு வரும், திருவிழாவில் மரியாதை வரும், கண்மாயில் மீன் வரும். வரி கொடுக்காததால் நாங்கள் உள்ளூர் இல்லை. உள்ளூர் இல்லாததால் எங்களிடம் வரி வாங்குவதில்லை. எந்தச் சாதியின் பெயரும் அந்த நோட்டில் எழுதப்படவில்லை. எழுதாமலேயே எல்லாச் சாதியும் அதில் இருந்தது.

தமிழில் 'ஊர்' என்ற சொல்லே அப்படித்தான் பழகிப்போயிருக்கிறது. "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்வோம். ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு எப்படி ஊருக்குள் போவது? சின்ன வயதில் இதை நான் யோசித்ததில்லை.

இன்னொன்று. ராஜபாளையம் சட்டமன்றத் தொகுதி பல தேர்தல்களில் தனித் தொகுதி. மறுசீரமைப்புக்குப் பிறகு 2011 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. எங்களில் ஒருவர் எம்.எல்.ஏ ஆகிக் கோட்டைக்குப் போகலாம். சொந்தக் கண்மாயில் கெளுத்தி மீனுக்கு விலை கேட்க முடியாது.

*

குடியிருப்பை வைத்து ஆட்களைப் பிரிப்பது சட்டப்படி சரியா? இதை அப்போதுதான் படிக்க ஆரம்பித்தேன்.

அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. குடியிருப்பு அந்தப் பட்டியலில் இல்லை. இந்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரி, அந்த மாநிலத்தில் குடியிருக்காத மாணவர்களிடம் மட்டும் தனிக் கட்டணம் வாங்கியது. டி.பி. ஜோஷி வழக்கில் 1955-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிறப்பிடம் வேறு, குடியிருப்பு வேறு என்பது காரணம். ஆக, உள்ளூர் வெளியூர் என்று பிரிப்பதே குற்றம் ஆகிவிடாது. யார் உள்ளூர் என்பதை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்பதில்தான் விஷயம்.

அமெரிக்காவில் இதே கேள்வி மீனை வைத்தே நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. மொன்டானா மாநிலம் எல்க் மான் வேட்டைக்கு வெளியூர்க்காரர்களிடம் பல மடங்கு கூடுதல் கட்டணம் வாங்கியது. அது பொழுதுபோக்கு என்பதால் செல்லும் என்று 1978-இல் தீர்ப்பு. தெற்குக் கரோலினா இறால் பிடிக்க உள்ளூர்ப் படகுக்கு 25 டாலர், வெளிமாநிலப் படகுக்கு 2,500 டாலர் என்று வைத்தது. அது பிழைப்பு என்பதால் செல்லாது என்று 1948 ஜூன் 7-இல் தீர்ப்பு.

அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது. டோராவோ டகாஹாஷி என்ற ஜப்பானியர் 1907 முதல் கலிபோர்னியாவில் குடியிருந்தவர். 1915 முதல் கடலில் மீன் பிடித்தவர். போர்க்காலத்தில் ஜப்பானியர்களைக் கடற்கரைப் பகுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 1943-இல் ஜப்பானிய அந்நியர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் கிடையாது என்று மாநிலம் சட்டம் போட்டது. அப்பட்டமாக இனப் பெயர் இருந்தால் நீதிமன்றத்தில் நிற்காதே என்ற பயம் வந்ததும் 1945-இல் வாசகத்தை மாற்றினார்கள்: 'குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்களுக்கு' லைசென்ஸ் இல்லை. அந்த நாளில் ஜப்பானியர் குடியுரிமை பெற முடியாது. பெயர் போய்விட்டது, ஆள் மாறவில்லை. டகாஹாஷி வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பானது.

தலைக்கட்டு நோட்டு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

நம் சட்டத்தில் ஆயுதம் இல்லாமல் இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் கைநிறைய அள்ளிக் குடித்தது ஒரு பொதுக் குளத்தின் தண்ணீரைத்தான். அதற்கு முன்பே, 1924-இல், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லாருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அரசியலமைப்பின் 15(2) பிரிவில் குளம் என்ற சொல்லே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(இசட்.ஏ) பிரிவு, பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 3(1)(இசட்.சி) பிரிவு சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றம் என்கிறது.

ஆனால் சட்டமே ஆளை வெளியே நிறுத்துகிற இடங்களும் உண்டு. தமிழ்நாடு விவசாயிகள் நீர்ப்பாசன முறைகளின் மேலாண்மைச் சட்டம் 2000-இன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்றால் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களின் சங்கம். 2017-இல் குடிமராமத்து வேலைகளையும் அப்படிப்பட்ட பாசனதாரர் சங்கங்களிடம்தான் கொடுத்தார்கள். கரை உடைந்தால் ராத்திரியில் மண் சுமக்கக் கூப்பிடுவது எங்கள் தெருவைத்தான். சங்கத்தில் உட்கார நிலம் வேண்டும். மலைப்பக்கம் போனால் வன உரிமைச் சட்டம் 2006. நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் உரிமையை அது காட்டில் வாழும் மக்களுக்குச் சமூக உரிமையாகத் தருகிறது. பளியர் போன்ற பழங்குடிகளுக்கு அது பொருந்தும். பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். டெக்சாஸில் ஆறு மாதம். இங்கே மலையடிவாரத்தில் விறகும் மேய்ச்சலுமாக வாழ்ந்த தலித் குடும்பத்துக்கு 75 வருஷம். காகிதம் யாரிடம் இருக்கும்?

*

கதைக்கு வருகிறேன். ஊர் ஏலத்தை விட்டுவிட்டு அலுவலக ஏலத்துக்கு மனுக் கொடுத்தோம். இரண்டு முறை ஒத்திவைத்தார்கள். காரணம் சட்டம் ஒழுங்கு. மூன்றாவது முறை, போலீஸ் இரண்டு பேர் வாசலில் நிற்க, ஏலம் நடந்தது.

எங்களுக்குப் பயம் இருந்தது. மேலூர்ப் பக்கம் சென்னகரம்பட்டியில் கோயில் நில ஏலத்தை ஒட்டி 1992-இல் இரண்டு தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டதை நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். சித்தப்பா அன்றைக்குக் காலையில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார்.

நாங்கள் கேட்கக் கேட்க எதிரில் ஏற்றிக்கொண்டே போனார்கள். மீன் விற்று வரக்கூடிய காசுக்கு மேலேயே போய்விட்டது. நிறுத்திக்கொண்டோம். தோற்றோம். ஆனால் அந்தக் கண்மாய்க்கு அரசுக்குக் கிடைத்த குத்தகைத் தொகை முந்திய பசலியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகக் கேட்டு எவ்வளவு குறைவாக எடுத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அலுவலகத்துக்கே தெரிந்தது. அல்லது தெரிந்ததைக் காகிதத்தில் பார்த்தது. ஏலம் கேட்டோர் பட்டியலில் சித்தப்பா பெயர், தகப்பனார் பெயர், முகவரி. ஊர் என்ற கட்டத்தில் எங்கள் ஊரின் பெயர்.

அந்தப் போகத்தில் எங்கள் தெருப் பெண்களை நடவுக்குக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து வேனில் ஆள் இறக்கினார்கள். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அம்மா ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்தார். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏய்யா, மீனுக்காகவாய்யா இவ்வளவும்?"

"மீனுக்காக இல்லம்மா. உரிமைக்காக."

"சரிய்யா. ஒங்க பதினோரு பேருக்கும் உரிமை வேணும். கூலி போனது எங்களுக்கு. ஏலத்துக்குப் போறதுக்கு முந்தி எங்களையும் ஒரு வார்த்தை கேட்டீகளா?"

கேட்கவில்லை. பதினோரு பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை. அடகுக்குத் தோடு கேட்டேன், அபிப்பிராயம் கேட்கவில்லை. புறக்கணிப்பு வந்தால் முதல் அடி யார் மேல் விழும் என்று கணக்குப் போடாமல் உரிமைப் போராட்டம் என்று கிளம்பியிருந்தோம்.

நான் முதலில் சொன்ன எங்கள் பக்கத் தவறு இதுகூட இல்லை. இன்னொன்று இருக்கிறது.

குழு சேர்க்கும்போது ஒரு நோட்டு போட்டோம். முதல் பக்கத்தில் விதிகள். முதல் விதி என் கையெழுத்தில்: 'நமது தெருவைச் சேர்ந்தவர்கள் மட்டும் உறுப்பினர்'. ஓடைக்கு அந்தப் பக்கம் அருந்ததியர் தெரு இருக்கிறது. அந்தத் தெருவிலிருந்து ஒரு தம்பி, நன்றாக வலை போடத் தெரிந்தவன், குழுவில் சேர வந்தான். சித்தப்பா நோட்டைக் காட்டினார். விதியைப் படித்துவிட்டு அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். "அண்ணே, அப்ப நாங்க உள்ளூர் இல்லையா?"

அன்றைக்கு அவனுக்கு என்ன சமாதானம் சொன்னேன் என்று நினைவிருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது. 'முதல்ல நாங்க ஜெயிச்சிட்டு வந்துர்றோம்' என்கிற மாதிரி ஏதோ. இரண்டு வாரம் கழித்துச் சாவடியில் இன்னொருவர் நோட்டைப் புரட்டி உங்கள் பெயர் இல்லையே என்று சொன்னபோது, எனக்கு வந்த கோபத்தில் பாதி அவருடைய முகத்தைப் பார்த்து வந்தது. மீதிப் பாதி எதனால் வந்தது என்று அப்போது புரியவில்லை. எங்கள் வீட்டில் பெட்டிக்குள் இருந்த நோட்டும் அதே மாதிரி நோட்டுதான்.

பிறகு விதியை மாற்றினோம். ஊராட்சி எல்லைக்குள் ரேஷன் கார்டு உள்ள, சொந்தமாகக் குத்தகை எடுக்க வசதியில்லாத யாரும் சேரலாம் என்று எழுதினோம். இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்தார்கள். வலை போடத் தெரிந்த அந்தத் தம்பி வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். "பாக்கலாம்ணே" என்றான். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அதற்கு அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

புதிய குழு அதற்கப்புறம் ஒருமுறை ஏலம் எடுத்தது. அந்த வருஷம் மழை பொய்த்தது. போட்ட முதல் வரவில்லை. அடுத்த பசலியில் மறுபடி கேட்போம்.

*

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் ஊரில் கண்மாய் இருந்தால், கடந்த சில பசலிகளின் மீன்பாசி ஏல அறிவிப்பு, நிபந்தனைகள், ஏலம் கேட்டோர் பட்டியல், குத்தகைத் தொகை ஆகியவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வருஷா வருஷம் ஒரே ஆள் மட்டும் கேட்டிருந்தால் அந்தக் காகிதமே பேசும்.

உள்ளூர்க்காரர் என்ற நிபந்தனை இருந்தால், அதற்கு என்ன சான்று என்று எழுத்தில் கேளுங்கள். ரேஷன் கார்டு என்று எழுதிக் கொடுத்தால் அது நமக்கும் இருக்கிறது. வேறு எதையாவது எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் நமக்காக நிற்கும் வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

ஏலத்துக்கு முன்னால் தெருவில் உள்ள எல்லாப் பெண்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள். கூலி நின்றால் எத்தனை நாள் தாங்கும், எங்கே மாற்று வேலை, நூறு நாள் வேலைக்கு யார் யார் மனுக் கொடுப்பது என்பதெல்லாம் முடிவான பிறகு கிளம்புங்கள். புறக்கணிப்பு தொடங்கிய அன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள். நாங்கள் எழுதவில்லை, பிறகு புகார் கொடுக்கப் போனபோது எந்த நாள், யார், என்ன என்று சொல்லத் தெரியாமல் நின்றோம்.

கடைசியாக, உங்கள் சங்கத்தின், உங்கள் வாசகர் வட்டத்தின், உங்கள் விடுதிக் குழுவின் விதி நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் படியுங்கள். அதில் 'நம்ம' என்று எழுதியிருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைப் படித்தால் என்ன கேட்பார் என்று ஒருமுறை யோசியுங்கள்.

டெக்சாஸ் தம்பி நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். கையில் ஒரு பெரிய கெளுத்தி. கீழே எழுதியிருந்தான்: "யாரும் வந்து தெருவு கேக்கலண்ணே."

ஜெய் பீம்.